மூக்கு லாரியும் மாச மொறையும்

வாங்க தம்பி, வாங்க. வண்டியை எடுக்கச் சொல்லத்தானே வந்திருக்கீங்க? படியேறும்போதே மொகத்துல எழுதி ஒட்டியிருக்குது. உங்க வீட்டம்மாவும் காலையிலயிருந்து மாடியில துணி காயப்போடற சாக்குல எட்டி எட்டிப் பாத்துட்டிருக்காங்க. ஒரே துண்டை எத்தனை தடவைதான் காயப்போடுவாங்க? பரவால்ல, உள்ள வாங்க. தலையைக் குனிஞ்சு வாங்க, அந்தக் கம்பி இடிக்கும். அந்தப் பெட்டி மேல உக்காருங்க. அது பெட்டியும்தான், கட்டிலும்தான். அடியில அரிசி பருப்பு வெச்சிருக்கேன். பயப்படாம உக்காருங்க, ஒடையாது.

வண்டியை எடுக்கறேனா இல்லையான்னு கடைசியில சொல்றேன். மொதல்ல ஒண்ணைத் தெளிவாப் பேசிக்கலாம். எதுத்தாப்புல இருக்கறது எம்மக கலாமணி வீடுதான். ஆனா நான் எம்மக வீட்டுக்கு வரல. இதை நீங்க தெருவுல நாலு பேருகிட்டச் சொன்னாலும் சரி. மக வீட்டுல போய் உக்காந்துக்கற ஆளு நானில்லைங்க. வர்ற வழியில ரேடியேட்டர் சூடாயிருச்சு, வண்டி நின்னுது, நின்ன எடம் இந்தத் தெருவாப் போச்சு. சங்ககிரிக்கும் நாமக்கல்லுக்கும் நடுவுல எத்தனையோ தெரு இருக்குதே, சரியா இங்கதான் நிக்கணுமான்னு உங்க வீட்டம்மா யாருகிட்டயோ கேட்டாங்களாம். இஞ்சினுக்கு என்னங்க தெரியும், யாரு வீடு எங்க இருக்குதுன்னு.

எம்பேரு பாவாத்தாள். சங்ககிரியில நாச்சிமுத்து லாரின்னு எந்த டீக்கடையில கேட்டாலும் சொல்லுவாங்க. அவருதான் எங்க வீட்டுக்காரரு. ஒத்தை லாரியில ஆரம்பிச்சு ஒரு பெரிய தகரச் செட்டு நெறைய லாரி நிறுத்துனவரு. நல்ல மனுஷன். வீட்டுக்கு ஒரு கொறையும் வெச்சதில்ல. என்ன, என்னை மட்டும் ஒரு நாளும் லாரியில ஏத்துனதில்ல. பொம்பளை கேபின்ல ஏறினா லோடு அமையாதுன்னுட்டாரு. ஆயுத பூஜைக்குப் பம்பருக்குச் சந்தனம் பூசறது நாந்தான், டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வெக்கறதும் நாந்தான். ஒரு தடவை ஏறி உக்காந்து பாக்கறேனேன்னா மட்டும் ஆகாது. அவரைக் கொறை சொல்லலைங்க. தொழில் அப்படி.

அவரு போனதுக்கப்பறம் பசங்க பாகம் பிரிச்சுக்கிட்டாங்க. பெரியவன் மோகன்ராஜு, சின்னவன் கோகுலநாதன். ரெண்டு பேரும் நல்ல பசங்க. தங்கமான பசங்க. எங்கண்ணன்மாரும் பங்காளிகளும் வந்து உக்காந்தாங்க. லாரி ஆளுக்குப் பாதி, சங்ககிரி வீடு பெரியவனுக்கு, திருச்செங்கோட்டு பைபாஸ்ல இருந்த எடம் சின்னவனுக்குன்னு ஒரே மூச்சுல முடிச்சு விட்டாங்க. கலாமணியும் வந்திருந்தா. அவதான் எல்லாருக்கும் காப்பி போட்டா. அவளுக்குச் செய்ய வேண்டியதைக் கல்யாணத்தப்பவே செஞ்சாச்சு, அவளுக்கு இதுல பேச்சு இல்ல. எல்லாம் முடிஞ்சு கடைசியா என்னையப் பிரிச்சாங்க. சித்திரை பெரியவன், வைகாசி சின்னவன், ஆனி பெரியவன், ஆடி சின்னவன். மாச மொறை. எங்க பக்கம் எல்லா வீட்டுலயும் இருக்கற வழக்கந்தான், உங்க ஊர்லயும் இருக்கும்.

நானும் சரின்னுதான் போனேன். ஒரு ஜிப்பு வெச்ச பை. அதுக்குள்ள நாலு சேலை, ஒரு போர்வை, எங்க வீட்டுக்காரரு போட்டோ. மாசம் பொறக்கற அன்னிக்கு ராகு காலத்துக்கு முன்னாடி ஒருத்தன் கொண்டாந்து விடணும், இன்னொருத்தன் கூட்டிக்கணும். பாகம் பிரிச்ச மறுவருசமே ரெண்டு பேருக்கும் ஏதோ பெர்மிட்டு விசயத்துல பேச்சு நின்னு போச்சு. அதனால பெரியவன் காரைக் கேட்டுக்கு வெளியவே நிறுத்தி ஆரன் அடிப்பான். என் பையைக் காம்பவுண்டு சொவத்து மேல வெச்சுட்டுக் கெளம்பிருவான். சின்னவனும் அப்படித்தான். பை சொவத்து மேல, நான் சொவத்தடியில. உள்ளிருந்து யாராவது வந்து எடுத்துக்குவாங்க.

பெரியவன் வீட்டுல எனக்கு ஹால்ல படுக்கை. டிவி நிக்கற வரைக்கும் படுக்க முடியாது. காலையில எல்லாரும் குளிச்சு முடிச்சுக் கெளம்பற வரைக்கும் பாத்ரூம் பக்கம் போக முடியாது. போனா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, வெளிய வந்து நிப்பாங்க. நின்னாப் போதாதா? சின்னவன் வீட்டுல எனக்குத் தனி ரூமு. அதுலதான் அரிசி மூட்டை, ஓடாத மிக்ஸி, கொலுப் பெட்டி எல்லாம் வெச்சிருந்தாங்க. எம் பேரனுங்க அதை ஸ்டோர் ரூமுன்னுதான் சொல்லுவாங்க. நான் உள்ள படுத்திருந்தாலும் ஸ்டோர் ரூமுதான்.

இதெல்லாம் நான் கொறையாச் சொல்லலைங்க. கேட்டதுக்குச் சொல்றேன். நீங்க கேக்கலையா? சரி, கேக்காட்டியும் சொல்றேன்.

அப்பத்தான் அந்த ஆனி மாசம் வந்துது. பெரியவன் வீட்டுல ஒரு நகைக்கடைக் காலண்டர். அதுல அன்னிக்கு ஆடி ஒண்ணு. காலையிலயே பையைக் கட்டிட்டாங்க. வழக்கம்போலப் பெரியவன் சின்னவன் வீட்டு வாசல்ல விட்டுட்டு ஆரன் அடிச்சுட்டுப் போயிட்டான். சின்ன மருமக வெளிய வந்தா. கையில அவங்க வீட்டுக் காலண்டர், பைனான்ஸ்காரங்க குடுத்தது. அதுல அன்னிக்கும் ஆனிதான். ஆனி இன்னும் ஒரு நாள் பாக்கி. பஞ்சாங்கம் எழுதறவங்களுக்குள்ள என்ன தகராறோ, எனக்குத் தெரியாது. மருமக மரியாதையாத்தான் பேசுனா. அத்தை, எங்க மொறை நாளைக்குத்தான் பொறக்குது, நீங்களே பாருங்கன்னு தாளைக் காட்டுனா. அவ சொல்றதும் நாயம்தானே? சரி கண்ணுன்னு சொல்லிட்டுப் பையைத் தூக்கிட்டு எதுத்தாப்புல இருந்த பேக்கரி பெஞ்சில போய் உக்காந்தேன்.

பொழுது சாயற வரைக்கும் உக்காந்திருந்தேன். மருமகளுங்க ரெண்டு பேரும் போன்ல பேசிக்கிட்டாங்கன்னு பின்னாடி தெரிஞ்சுது. ஆளுக்கொரு காலண்டரு, யாரு விட்டுக் குடுப்பாங்க. பேக்கரிக்காரரு ரெண்டு தடவை டீ குடுத்தாரு. ஒறம்பரைக்கு வந்தீங்களாம்மா, சொந்தக்காரங்க வீட்டுக்கான்னு கேட்டாரு. ஆமாங்கன்னு சொன்னேன். பெத்த பையன் வீட்டுக்கு எதுத்தாப்புல உக்காந்துட்டு அப்படிச் சொல்ல எனக்கு அழுகையா வந்துது. அழுகலைங்க. பேக்கரியில போய் யாராவது அழுவாங்களா.

அந்த பெஞ்சுக்குப் பக்கத்துலதான் ஒரு லாரி நின்னுது. ஆந்திராவுக்குப் போற வண்டி. கிளீனர் கீழ ஸ்டவ்வைப் பத்த வெச்சு ரசம் வெச்சுட்டிருந்தான். டிரைவரு கேபின்ல மல்லாந்து படுத்துட்டு, காலைத் தூக்கி டேஷ்போர்டு மேல போட்டிருந்தான். அவனைப் பாத்துட்டே இருந்தேன். அவனை யாரும் வந்து இன்னிக்கு என்ன தேதின்னு கேக்கல. சோறு வெந்துது, தின்னான், மறுபடியும் காலைத் தூக்கிப் போட்டுக்கிட்டான்.

பொழுதோட சின்னவன் செட்டுலயிருந்து வந்தான். பதறிட்டான். ஏம்மா இங்க உக்காந்திருக்கேன்னு பையை வாங்கிட்டான். நல்ல பையன்னு சொன்னேனே. கேட்டைத் தொறந்துட்டே சொன்னான்: "சரி வாம்மா. ஒரு நாள்தானே, நான் விட்டுக் குடுத்துர்றேன்."

விட்டுக் குடுத்துர்றேன்னான். அது எனக்கு எங்கயோ போய் நின்னுக்கிச்சு தம்பி. இன்னும் எறங்கல.

மறுநாளே நான் பெரியவனுக்குப் போன் போட்டேன். செட்டு மூலையில நிக்குதே மூக்கு லாரி, அதை எனக்குக் குடுன்னு கேட்டேன். இதோ, நீங்க உக்காந்திருக்கீங்களே, இதுதான். எங்க கல்யாணத்து வருசம் அவரு வாங்குன மொத லாரி. இந்தக் காலத்து லாரி மாதிரி மொகம் தட்டையா இருக்காது, முன்னாடி மூக்கு நீட்டிட்டு இருக்கும், இஞ்சின் அதுக்குள்ள. அவரு ராசியான வண்டின்னு விக்காம வெச்சிருந்தாரு. அவரு போனப்பறம் பழைய டயரைப் போட்டு வெச்சிருந்தாங்க. கேபினுக்குள்ள வேலிக்கருவேலம் மொளைச்சு, மூக்குக்குள்ள நாய் குட்டி போட்டிருந்துது. பெரியவன் சிரிச்சான். காயலான் கடைக்குப் போடறதுக்கு வெல பேசியாச்சும்மா, உனக்கெதுக்குன்னான். எனக்கு வேணும்னேன். சின்னவன்கிட்டயும் சொன்னேன். ரெண்டு பேரும் எடுத்துக்கன்னுட்டாங்க. நான் விடலைங்க, வண்டியோட ஆர்.சி. புக்கையும் எம்பேருக்கு மாத்தச் சொன்னேன். அதுக்கும் சிரிச்சாங்க. சிரிச்சுட்டே கையெழுத்துப் போட்டாங்க.

இன்னொரு லாரியில கட்டி இழுத்துட்டு இங்க கொண்டாந்து சேத்தேன். எம்மக வீட்டுக்காரரு சிவலிங்கத்துக்கு நாமக்கல்ல லாரிக்குப் பாடி கட்டற செட்டு இருக்குதே, தெரியுமில்ல? செட்டுன்னாப் பெருசா நெனைச்சுக்காதீங்க. நாலு தகரம், ரெண்டு ஆளு. அவருக்கு ஒரு பொழப்பா இருக்கட்டுமேன்னுதான் இந்த வேலையை அவருகிட்டக் குடுத்தேன். கூலி என்னன்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல. சொந்தத்துக்குள்ள அதெல்லாம் கேட்டா மரியாதையா இருக்காது பாருங்க.

வேலைன்னா சாதாரண வேலை இல்லைங்க. இஞ்சின் ஜாமாயி இறுகிக் கெடந்துது. டீசலை ஊத்தி ஊற வெச்சு, தட்டித் தட்டி, ஒரு வாரம் கழிச்சுத்தான் அசைஞ்சுது. இதுக்குச் சாமான் எங்கயும் கெடைக்காது. ராசிபுரம் பக்கம் ஒரு அரவை மில்லுல இதே இஞ்சினைக் கழட்டி வெச்சு ஓட்டிட்டிருந்தாங்க, அங்க போய்க் கெஞ்சி வாங்கிட்டு வந்தாங்க. தரையெல்லாம் மக்கிப் போச்சு, புதுசா வேங்கைப் பலகை போட்டது. கூண்டு முழுக்க இரும்புச் சட்டம், வெளிய அலுமினியத் தகடு, உள்ள பிளைவுட்டு. இந்த ஜன்னல் கண்ணாடி ஒரு பழைய பஸ்ஸோடது. மேல தண்ணி டேங்கு. அந்தக் கதவைத் தொறந்து பாருங்க, வெக்கப்படாதீங்க. கக்கூஸு. அதை வெக்கறதுக்குத்தான் சண்டையே. லாரிக்குள்ள எதுக்குங்க அத்தைன்னு சிவலிங்கம் மென்னு முழுங்குனாரு. அது இல்லைன்னா எனக்கு லாரியே வேண்டாம்னுட்டேன். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பா, அதுவும் பெரிய தாழ்ப்பாளா வெக்கச் சொன்னேன். நான் உள்ள இருக்கறப்ப வெளிய யாரு நின்னாலும் நிக்கட்டும்.

கலாமணியும் கூட இருந்தா. வீட்டுல அவளுக்கு என்ன வேலை, சும்மாதானே இருக்கறா. காலையில சோறாக்கி வெச்சுட்டுச் செட்டுக்கு வந்துருவா. உப்புத்தாளை வெச்சுட்டு இந்த மூக்கு முழுக்க அவதான் துரு தேய்ச்சா. வெரலெல்லாம் தோலு உரிஞ்சு போச்சு. ஒயரிங்கும் அவதான் இழுத்தா. இந்த ஸ்விட்சு நான் படுத்துட்டே கையை நீட்டினா எட்டற மாதிரி இருக்குது பாத்தீங்களா? என்னையப் படுக்க வெச்சு, கையை நீட்டச் சொல்லி, பென்சில்ல கோடு போட்டுட்டு அப்பறந்தான் வெச்சா. பொம்பளைப் புள்ளைக்கு இந்த வேலையெல்லாம் எதுக்குன்னு நான் சத்தம் போட்டுட்டே இருந்தேன். கேட்டாத்தானே.

கடைசியில பெயிண்டரு வந்தாரு. முன்னாடி நெத்தியில என்ன பேரு எழுதறதுன்னு கேட்டாரு. லாரிக்காரங்க புள்ளைக பேரைத்தான் எழுதுவாங்க. முன்னாடி இருந்ததையே எழுதுங்கன்னேன். மோகன், கோகுல். பாத்தீங்களா, எவ்வளவு பெருசா, பூவெல்லாம் போட்டு எழுதியிருக்காரு! எழுதி முடிக்கற வரைக்கும் பெயிண்டு டப்பாவைக் கலாமணிதான் புடிச்சுட்டு நின்னா.

வண்டி ரெடியாகி மொத நாள் நான் கேபின்ல ஏறி உக்காந்தேன். எங்க பழைய டிரைவரு காளியண்ணன் ஓட்டுனான். மேல ஏறி உக்காந்தா என்ன ஒசரம்ங்கறீங்க! காம்பவுண்டு சொவத்துக்கெல்லாம் மேல என் தலை. யாரு வீட்டு முத்தத்துல என்ன காயுது, யாரு கார் தொடைக்கறாங்க, எல்லாம் தெரியுது. இத்தனை வருசமா இதை ஆம்பளைங்க மட்டும் பாத்துட்டு, லோடு அமையாதுன்னு நம்மகிட்டக் கதை சொல்லியிருக்காங்க. எனக்குச் சந்தோசம் தாங்கலைங்க. மறைக்கறதுக்கு என்ன இருக்குது? சேந்தமங்கலம் ரோட்டுல போயிட்டு வந்தோம், வழியெல்லாம் சிரிச்சுட்டே வந்தேன். காளியண்ணன் பயந்துட்டான்.

சித்திரை ஒண்ணு. பெரியவன் மொறை. நேரா அவன் வாசல்ல கொண்டாந்து நிறுத்தி நானே ஆரனை அடிச்சேன். அவன் பனியனோட ஓடியாந்தான்.

"என்னம்மா இது?"

"என் வீடு. உம் மொறைக்கு வந்திருக்கறேன்."

"உள்ள வாம்மா. தெருவே பாக்குது."

"பாக்கட்டும். காப்பியை ஜன்னல்கிட்டக் கொண்டாந்து குடுக்கச் சொல்லு."

நான் மொறையை மாத்தலைங்க. பெரியவங்க உக்காந்து பேசுனதை நான் மீறல. மாசம் பொறந்தா அந்தந்த வாசலுக்குக் கரெக்டாப் போயிருவேன். சோறு அவங்க சோறு, படுக்கை என் படுக்கை. எனக்கு வேணுங்கறப்ப வெளக்கை அணைச்சுக்குவேன். நான் எந்திரிக்கறப்பத்தான் எனக்கு விடியும். யாருக்கு என்ன தொந்தரவு? கரண்டு ஒயரு மட்டும் அவங்க வீட்டுலயிருந்து இழுத்துக்குவேன். அப்பறம் டேங்குக்குத் தண்ணி. அப்பறம் பெரிய மருமக கோலம் போடற எடத்துல டயரு நிக்குதுன்னா. வேற எடத்துல போட்டுக்கட்டும். காலையில பாட்டு வெக்கறது சத்தமா இருக்குதுன்னாங்க. சாமி பாட்டுத்தானே? அவங்க டிவியை நான் எத்தனை நாள் கேட்டேன்.

ஆனா ஊரு பேசுச்சு. கல்யாணம் காதுகுத்துன்னு போற எடத்துலயெல்லாம், நாச்சிமுத்து சம்சாரம் லாரியில குடியிருக்குதாமே, பசங்க தொரத்திட்டாங்களான்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. வழியில போற ஒறம்பரைக வேணும்னே வந்து ஏறிப் பாத்துட்டு, கக்கூஸு வரைக்கும் எட்டிப் பாத்துட்டு, காப்பி குடிச்சுட்டுப் போனாங்க. பசங்களுக்கு வெளிய தலை காட்ட முடியல. நான் அதுக்கு என்ன பண்றது? என் பை சொவத்து மேல உக்காந்திருந்தப்ப யாரும் வந்து எட்டிப் பாக்கலையே.

போன மாசம் ரெண்டு பேரும் ஒண்ணா வந்தாங்க. ஒரே கார்ல. எனக்கு அதைப் பாத்ததும் நெஞ்சு நெறைஞ்சு போச்சு. எத்தனை வருசமாப் பேசாம இருந்த பசங்க, பெரியவங்க எத்தனை தடவை சமாதானம் பண்ணியும் முடியல. எங்காரியமா வந்து ஒண்ணா நிக்கறாங்க பாருங்க. பெத்ததுக்கு அதுவே போதும்னு நெனைச்சேன். ஒண்ணா வந்து ஒண்ணாத்தான் சொன்னாங்க. லாரியைக் காயலானுக்குப் போட்டுட்டு வீட்டுக்குள்ள வா. இல்லைன்னா எங்களுக்கு மொறையே வேண்டாம்.

"அப்படின்னா வேண்டாம்"னேன். "உங்களுக்கு வேண்டாம்னா எனக்கும் வேண்டாம். இதை நான் யாருக்கும் குடுக்க மாட்டேன்."

பெரியவன் கண்ணு கலங்கிருச்சு. அவனுக்கு எம்மேல அவ்வளவு பாசம்.

கோவத்துல பேசுனதுதானே, மொறையை விட முடியுமான்னு அடுத்த மாசம் பொறந்ததும் பெரியவன் வாசலுக்குப் போனா, முன்னாடி வரிசையாக் கருங்கல்லு நட்டிருந்துது. ஆள் போலாம், சைக்கிள் போலாம், லாரி நிக்க முடியாது. எனக்காக நட்டான்னு நீங்க நெனைக்கப்படாது. ஆடு மாடு வந்து செடியைத் திங்குதாம். சங்ககிரி டவுனுக்குள்ள ஆடு மாடு ஏதுன்னு காளியண்ணன் கேட்டான். அவன் எப்பவும் அப்படித்தான், குதர்க்கம். சரின்னு சின்னவன் வீட்டுக்குப் போனோம். அங்க, காலையில நான் கெளம்பி வந்த கையோட, வாசலையொட்டிப் பைப் போடறதுக்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்துது. மூடறதுக்கு ஆளு கெடைக்கலையாம். கேட்டு சாத்தியிருந்துது. ஆரன் அடிச்சோம். உள்ள ஜன்னல் தெரையை யாரோ இழுத்து விட்டாங்க. வெயில் வந்திருக்கும்.

எங்கம்மா போறதுன்னான் காளியண்ணன். நேராப் போன்னேன். நேராப் போனா நாமக்கல்லுதானே வரும். அதுக்கு நான் என்ன பண்றது. இந்தத் தெரு முனையில வந்ததும் சூடாயிருச்சு, பொகை வந்துதுன்னு சொன்னேன். பொகையெல்லாம் ஒண்ணும் வரலைன்னான். எனக்கு வந்த மாதிரி இருந்துது. அந்தப் பக்கம் நிறுத்தலாமான்னு கேட்டான். அது மக வீட்டு வாசல். இந்தப் பக்கம் உங்க காம்பவுண்டையொட்டி நிறுத்துன்னு சொல்லிட்டேன். கதவு உங்க சொவத்தைப் பாத்து இருக்கட்டும். நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது பாருங்க. வண்டி ஆறுனதும் எடுத்துக்கலாம், நீ போயிட்டு வான்னு அவனைப் பஸ் ஏத்தி அனுப்பிட்டேன்.

அவன் போன கையோட கலாமணி வந்தா. வாம்மான்னுகூடச் சொல்லல. கொடத்தைக் கொண்டாந்து, மூக்கைத் தூக்கி, ரேடியேட்டர்ல தண்ணியை ஊத்துனா. அது நெறைஞ்சுதான் இருந்துது, வழிஞ்சு கீழ ஊத்துது, இவ பாட்டுக்கு ஊத்திட்டே இருக்கறா. அப்பறம் கொடத்தை எடுத்துட்டுப் போயிட்டா. இது நடந்தது முந்தாநாளு. அவ வீட்டுல நான் கை நனைக்கலைங்க. அவ கொண்டாந்த கொள்ளுப் பருப்பை என் சட்டியில ஊத்தச் சொல்லித்தான் தின்னேன். எஞ்சட்டியில ஊத்திட்டா அது எஞ்சோறு.

இன்னிக்குக் காலையில வந்தா. மேல ஏறல. உங்க சொவத்துக்கும் லாரிக்கும் நடுவுல அந்தச் சந்துல நின்னுட்டு என்னையே பாத்தா. எனக்குக் கோவம். என்னடி அப்படிப் பாக்கறேன்னேன். அவ என்னிக்கும் எதுத்துப் பேசுனவ இல்லைங்க. அவ சொன்னதை அப்படியே சொல்றேன்.

"அன்னிக்குப் பாகம் பிரிக்கறப்ப நான் சமையக்கட்டு வாசல்ல நின்னு, எனக்கும் ஒரு மாசம் மொறை குடுங்க, அம்மாவை நான் வெச்சுக்கறேன்னு கேட்டேன். மாமனுங்க சிரிச்சாங்க. நீ திரும்பிப் பாத்துட்டு, போடி, போய்க் காப்பி கொண்டான்னு சொன்னே. அண்ணனுங்க வீடு கேட்டாங்க, லாரி கேட்டாங்க, குடுத்தீங்க. நான் உன்னையத்தாம்மா கேட்டேன்."

எனக்குக் காதுல விழலைங்க. சத்தியமா விழல. பாகம் பிரிக்கற வீட்டுல எத்தனை பேச்சு, எத்தனை சத்தம்! சமையக்கட்டுலயிருந்து ஒருத்தி பேசுறது எப்படி விழும்? காப்பி கொண்டான்னு சொல்லியிருப்பேன். வந்தவங்களுக்குக் காப்பி வேண்டாமா? அதை அவகிட்டயும் சொன்னேன். எனக்கு விழலடீன்னேன். அவ அழுவான்னு பாத்தேன். அழுகல. சரிம்மான்னுட்டுப் போயிட்டா. எனக்குத்தான் காப்பி எறங்கல. டம்ளரைக் கையில வெச்சுட்டே உக்காந்திருந்தேன்.

அப்பறம் கேபினுக்குப் போய் ஏறி உக்காந்து பாத்தேன். அங்கிருந்து அவ வாசல் நல்லாத் தெரியும். பூந்தொட்டியெல்லாம் ஒவ்வொண்ணாத் தூக்கி உள்ள வெச்சுட்டிருக்கறா. சிவலிங்கம் ஸ்கூட்டரைத் தள்ளிட்டுப் போய்ப் பக்கத்துச் சந்துல விட்டுட்டு வர்றாரு. அப்பறம் இவ வெளக்குமாத்தை எடுத்துட்டு வந்து தெருவைக் கூட்டுனா. கேட்டுலயிருந்து லைட்டு கம்பம் வரைக்கும் கூட்டுனா. எதுக்கு அவ்வளவு தூரம் கூட்டறான்னு பாத்தேன். சரியா ஒரு லாரி நிக்கற எடம் தம்பி.

அதுலதான் இப்ப உங்க காரு நிக்குது.

நான் உங்க கேட்டை அடைச்சதால நீங்க அங்க கொண்டு போய் நிறுத்துனீங்க, உங்க மேலயும் தப்பில்ல. ஆனா எங்கிட்ட வண்டியை எடுக்கச் சொல்ல வந்தீங்களே, அதையேதான் நானும் உங்களுக்குச் சொல்றேன். மொதல்ல நீங்க எடுங்க. நீங்க எடுத்தாத்தான் நான் திருப்பி அந்தப் பக்கம் போட முடியும். கதவு அப்ப அவ கேட்டைப் பாத்து வந்துரும். வரட்டும். மக வீட்டுக்குப் போயிட்டான்னு சொல்றவங்க சொல்லட்டும். நான் மக வீட்டுக்குப் போகல. எம்மக மொறைக்குப் போறேன். அது வேற, இது வேற. அண்ணனுங்களுக்கு மட்டும் இத்தனை வருசம் குடுத்துட்டு, அவளுக்குக் குடுக்காம விட்டா அது என்ன நாயம்? பாவம், அவளா வந்து கேக்கறா, நாமளும் கொஞ்சம் விட்டுக் குடுத்துப் போக வேண்டியதுதான்.

ஸ்டியரிங்கை மாப்பிள்ளையே புடிச்சுக்குவாரு, காளியண்ணன் தேவையில்ல. எந்திரிங்க தம்பி, போய்க் கார் சாவியை எடுத்துட்டு வாங்க. அங்க பாருங்க, எம்மக கேட்டை ரெண்டு பக்கமும் தொறந்து வெச்சுட்டு நின்னுட்டிருக்கா.